நம் ஊர் ஏடும் புதுவை ஆராய்ச்சி நிலையமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

   

பயிற்சி முகாம் என்றால் விதை, உரம், பாசனம், குடிநீர், சாலை ஆகியன பற்றிய பேச்சுக்கே அங்கு இடமுண்டு என்று எண்ணுவது இயல்பு. இன்றோ நாங்கள், புதுச்சேரிக் கடற்கரையை அடுத்து நிற்கும் ஓர் அயல்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அந்நிலையத்துக்கும் நம் ஊர் ஏரிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பீர்கள். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன், நாங்கள் நேரில் கண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பரணில் இருந்த காகிதம்

ஓர் ஊரில் ஏரி ஒன்று உண்டு. அதன் வரத்து வாய்க்கால் இரண்டு சிற்றூர்களைக் கடந்து வருகிறது. மழை குறைந்த ஓர் ஆண்டில், மேலூரார் எத்தனை நாழிகை நீர் எடுக்கலாம், கீழூரார்க்கு எத்தனை நாழிகை விடவேண்டும் என்று பூசல் எழுந்தது. பாட்டனார் காலத்தில் இரண்டு ஊராரும் கூடி எழுதிக்கொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டென்றும், அது பழைய மணியக்காரர் வீட்டில் இருக்குமென்றும் முதியவர் ஒருவர் நினைவு கூர்ந்தார். தேடிச் சென்றார்கள். வீட்டார் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினர். உடன்படிக்கை அதில் இருந்தது. இரு ஊராரின் கையொப்பமும் கைநாட்டும் இருந்தன. ஆனால் நாழிகைக் கணக்கு எழுதியிருந்த நடுப்பகுதியைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. பூசல் நீதிமன்றம் ஏறிற்று. வழக்கு நடந்த காலமெல்லாம் வாய்க்காலைத் தூர் வார எவரும் முன்வரவில்லை. கடைமடை நிலங்கள் இரண்டு சம்பாப் பருவங்கள் தரிசாகக் கிடந்தன.

கரையான் தின்றது ஒரு சாண் காகிதம். அவ்வூர் இழந்ததோ இரண்டு ஆண்டு விளைச்சலையும், அண்டை ஊராரோடு கொண்டிருந்த நல்லுறவையும். இத்தகைய காகிதங்கள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பரண்களில் இன்றும் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் அருமையை நாம் உணருமுன்னரே உணர்ந்து, அவற்றைத் தேடி ஊர் ஊராக நடந்தவர்கள் உண்டு. அவர்களுள் ஒரு சாராரே புதுவை நிலையத்தார்.

நிலையம் பிறந்த வரலாறு

புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்கள் 1954 நவம்பர் முதல் நாளன்று பிரெஞ்சு ஆட்சியினின்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறிற்று. ஆட்சி மாறினும் பண்பாட்டு உறவும் கல்வி உறவும் நீடிக்கவேண்டும் என்று இரு நாட்டு அரசுகளும் விரும்பின. அவ்விருப்பத்தின் பயனாக 1955 மார்ச்சு மாதத்தில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு அரசின் வெளியுறவு அமைச்சகமும், அந்நாட்டுத் தேசிய அறிவியல் ஆய்வு மையமும் இன்று அதனைப் பேணி வருகின்றன.

அதன் முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா என்பவர். அவர் தொழிலால் கண் மருத்துவர். இந்திய மருத்துவ நூல்களைப் பயில விரும்பி வடமொழியும் தமிழும் கற்றவர். மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு 1970இல் பாரிசு நகரில் கூடியது என்பது உங்களுள் பலரும் அறிந்ததே. தமிழுக்குப் பிரான்சு நாட்டில் அத்தகைய இடம் அமைந்ததில் ஃபில்லியோசாவின் பங்கு பெரிது.

இந்நிலையத்தில் இன்று மூன்று பெரும் துறைகள் இயங்குகின்றன. மொழி, சமயம், இலக்கியம், வரலாறு ஆகியவற்றை ஆய்வது ஒன்று. காடு, மரம், மண், மழை ஆகியவற்றை ஆய்வது மற்றொன்று. மக்களின் தொழில், கடன், குடிபெயர்வு, நீர்ப்பங்கீடு ஆகியவற்றை ஆய்வது மூன்றாவது. இவை மூன்றுக்கும் துணையாக நிலப்படம் வரையும் கூடமும் உண்டு. ஒரு நாட்டின் வரலாற்றை அதன் மழையினின்றும், மழையை அதன் மக்களினின்றும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதை இவ்வமைப்பே காட்டுகிறது. உழவன் இதனை நன்கு அறிவான். அவனுக்கு ஏரியும் காடும் கடனும் ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகளே.

ஓலையைக் காத்தவர்கள்

தொடக்க ஆண்டுகளிலேயே, 1956 முதற்கொண்டு, இந்நிலையத்தார் ஓலைச் சுவடிகளைத் திரட்டத் தொடங்கினர். பண்டிதர் என். ஆர். பட் அவர்கள் இப்பணியில் முன்னின்றார். கோயில்களிலும், மடங்களிலும், சிவாசாரியார்களின் இல்லங்களிலும் இருந்த சைவ ஆகமச் சுவடிகளை அவர்கள் தேடிச் சென்றனர். பழுதுற்ற சுவடிகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விடும் வழக்கம் நம்மிடையே இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வாறு நீரோடு போகவிருந்த ஏடுகள் பல, இம்முயற்சியால் புதுவைக்கு வந்து சேர்ந்தன. பிரெஞ்சு நிறுவனத்திலும், அதே நகரில் உள்ள தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையத்திலுமாகச் சேர்ந்துள்ள சுவடிகள் ஏறத்தாழ 11,000 ஆகும். உலக நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, 2005ஆம் ஆண்டில் இத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

சுவடிகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நம் ஊர்க் கோயில்களைப் படமெடுத்தும் வைத்தனர். பெரிய கோயில், சிறிய கோயில் என்று வேறுபாடு பாராது எடுத்த அப்படங்கள் இன்று 1,00,000க்கும் மேற்பட்டவை. அவற்றால் விளைந்த பயன் ஒன்றைக் கேளுங்கள். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூராகிய ஸ்ரீபுரந்தானில் உள்ள பழஞ்சிவன் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் திருமேனி களவு போயிற்று. கடல் கடந்து விற்கப்பட்ட அத்திருமேனியை, 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. அது நம் ஊர்ச் சிலைதான் என்று மெய்ப்பிப்பது எவ்வாறு? புதுவை நிலையத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த படமே சான்றாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்து அத்திருமேனியைத் திருப்பி அளித்தார். அவரோடு வந்து சேர்ந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் சிலைக்கும் அந்நிலையத்துப் படமே சான்று பகர்ந்தது.

படம் எடுத்தவர், பிற்காலத்தில் இத்திருமேனி திருடப்படும் என்று அறிந்து எடுத்தவரல்லர். பதிவின் பயன் பதியும் நாளில் தெரிவதில்லை. இழப்பு நேர்ந்த நாளில்தான் தெரிகிறது. பரணில் இருந்த அவ்வுடன்படிக்கைக்கும் ஒரு படி இருந்திருக்குமாயின், கடைமடை நிலம் தரிசாகக் கிடந்திராது.

மழையை அளந்து மரத்தை எண்ணியவர்கள்

இனி உழவர்களுக்கு நேராகப் பயன்படும் செய்திக்கு வருவோம். துலூசு நகரத்துப் பேராசிரியர் ஆன்றி கோசென் என்பவர் தாவரவியலில் பெயர்பெற்றவர். அவரது வழிகாட்டுதலில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தோடு கூடி, இந்நிலையத்தார் இந்தியாவின் தாவரப் படத்தை வரையத் தொடங்கினர். குமரிமுனைப் பகுதிக்கான தாள் 1961இல் வெளிவந்தது. நிலத்தில் 10 கிலோமீட்டர் தொலைவு படத்தில் ஒரு சென்டிமீட்டராக அமையும் அளவு அது. எங்கே எக்காடு உள்ளது, எங்கே புன்செய், எங்கே நன்செய் என்பது மட்டுமன்றி, அவ்விடத்துத் தட்பவெப்பத்துக்கு எத்தகைய மரம் இயல்பாக வளரும் என்பதும் அதிலிருந்து விளங்கும்.

கோசென் கையாண்ட அளவுகோல் மிக எளியது. ஒரு மாதத்தின் சராசரி வெப்பத்தைப் பாகையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதனை இரண்டால் பெருக்குங்கள். அம்மாதத்து மழை மில்லிமீட்டர் கணக்கில் அத்தொகையைத் தாண்டாவிடில் அது வறண்ட மாதம். எடுத்துக்காட்டாக, சராசரி வெப்பம் 30 பாகையாக உள்ள ஒரு மாதத்தில் மழை 60 மில்லிமீட்டரைத் தாண்டவேண்டும். 40 மில்லிமீட்டரே பெய்தால் அம்மாதத்தை வறட்சியென்றே கணக்கிடவேண்டும்.

இதனால் தெரிவது யாது? ஆண்டு முழுவதற்குமான மழையின் மொத்தம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஊர்களுள், ஒன்றில் வறண்ட மாதம் நான்காகவும் மற்றொன்றில் எட்டாகவும் இருக்கலாம். முன்னதில் வளரும் கன்று பின்னதில் பட்டுப்போகும். 'நல்ல மழை பெய்தது' என்று மொத்தத்தை மட்டும் பார்த்து மரக்கன்று நடும் திட்டம் தீட்டினால், பணமும் உழைப்பும் வீணாகும். எந்தெந்த மாதத்தில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கே வேண்டும். அக்கணக்கு நம்முள் எத்தனை ஊராட்சிகளில் உண்டு?

நம் சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருந்தும், மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்தும், இலையுதிராத காடு ஒன்று உண்டு. உலர் பசுமைக்காடு என்று அதனைக் கூறுவர். காசா, வீரை, பாலை, கருங்காலி முதலியன அதன் மரங்கள். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அழிந்துபட்ட இக்காடு, ஐயனார் கோயிலையும் அம்மன் கோயிலையும் ஒட்டிய சிறுசிறு காடுகளாக எஞ்சி நிற்கிறது. மரக்காணத்துக்கு அருகில் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு இதற்குச் சான்று. 'ஐயனார் காட்டில் விறகு ஒடிக்கலாகாது' என்று நம் முன்னோர் வகுத்த கட்டுப்பாடே, அறிவியலார் இன்று தேடும் மரங்களை நமக்குக் காத்துத் தந்துள்ளது. தரிசில் எம்மரத்தை நடலாம் என்று ஊராட்சி ஆராயும்போது முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு இன்னும் நுட்பமான படங்களை 1982 முதல் இந்நிலையத்தார் வெளியிட்டனர். தென்மாநிலங்களின் வனத்துறைகள் அதற்குத் துணை நின்றன. குடகு மலையில் உப்பங்களா என்னுமிடத்தில், 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் சுற்றளவு கொண்ட மரங்களுக்கெல்லாம் எண் இட்டு, அவற்றின் பருமனைத் தொடர்ந்து அளக்கும் பணியை 1990 அளவில் தொடங்கினர். ஒரு மரத்தை ஒருமுறை அளந்தால் அதன் பருமன் தெரியும். முப்பது ஆண்டு அளந்தாலோ, காட்டின் வாழ்வும் சாவும் தெரியும்.

இன்னொரு வியப்பையும் கூறவேண்டும். பூவின் மகரந்தத் தூள் கண்ணுக்குப் புலப்படாத சிறுமை உடையது. ஆயினும் அதன் மேலுறை சேற்றில் புதையுண்டால் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாது. நீலகிரியில் மக்கிய புல்லும் செடியும் படிந்த கருஞ்சேற்றை ஆழத்திலிருந்து எடுத்து, அதிலுள்ள மகரந்தத்தை இந்நிலையத்து அறிவியலார் எண்ணிப் பார்த்தனர். மலைமேல் காணும் புல்வெளிகள் காடு வெட்டியதால் அண்மையில் தோன்றியவை அல்ல, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு இருந்து வருபவை என்று இத்தகைய ஆராய்ச்சிகள் புலப்படுத்தின. இதனை அறியாத காலத்தில், வெற்றிடம் என்று கருதி அப்புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நிரப்பினர். புல்வெளி குறைந்தது. சீகையோ இன்று அடக்க முடியாதபடி பரவிவிட்டது. ஓரிடத்தின் பழங்கணக்கை அறியாமல் அவ்விடத்துக்கு நன்மை செய்யப் புகுவதன் விளைவு இது.

வீட்டுக் கடனும் ஊர்க் கணக்கும்

மூன்றாவது துறையினர் மக்களிடம் வந்தனர். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் 10 ஊர்களைத் தேர்ந்து, 405 குடும்பங்களை 2010ஆம் ஆண்டில் கண்டு பேசினர். என்ன தொழில், என்ன வருவாய், எவரிடம் கடன், எதற்காகக் கடன் என்று கேட்டு எழுதினர். 2016ஆம் ஆண்டில் அக்குடும்பங்களைத் தேடி மறுபடியும் வந்தனர். அப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 8ஆம் நாளன்று 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அதனால் ஒரே ஊரில் அந்நாளுக்கு முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. கையில் செல்லும் பணம் இல்லாதபோது, உறவும் அண்டை அயலாரின் நம்பிக்கையுமே குடும்பங்களைத் தாங்கின என்பதை அவர்கள் பதிந்தனர்.

இவ்வாய்விலிருந்து வெளிவந்த உண்மைகள் நமக்குப் புதியன அல்ல. ஆயினும் எண்ணாகக் காணும்போது உறைக்கின்றன. ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் கடன்பட்டவை. ஒரு குடும்பம் ஓரிடத்தில் மட்டும் கடன் வாங்குவதில்லை. மகளிர் குழு, நகைக்கடை, உறவினர், முதலாளி என்று பல வாயில்கள் உண்டு. கடன் பயிருக்கு மட்டும் போகவில்லை. மருத்துவம், படிப்பு, திருமணம், வீடு ஆகியன பெரும்பங்கைக் கொள்கின்றன. நிலமற்றோர் செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் பெற்றுச் சென்று, அம்முன்பணமே தளையாகிக் கட்டுண்டு உழைப்பதையும் ஆய்வாளர் எழுதியுள்ளனர். பயிர்க்கடன் ஒன்றைத் திருத்தினால் ஊரின் கடன் தீர்ந்துவிடும் என்று எண்ணும் ஊராட்சித் தலைவர், இக்கணக்கைப் படித்தபின் அவ்வாறு எண்ணமாட்டார்.

பழைய ஊர்த் தீர்ப்புகள்

ஊராட்சி மன்றத்தாராகிய உங்களுக்கு மிக நெருங்கிய பணி ஒன்று உண்டு. 1870 முதல் 1940 வரை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நடந்த விசாரணைகள், எழுதிக்கொண்ட முச்சலிக்கைகள், வழங்கிய தீர்ப்புகள் ஆகியவற்றைத் தனியார் வீடுகளிலிருந்து கண்டுபிடித்துப் படியெடுக்கும் பணியை, பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவியோடு இந்நிலையத்து ஆய்வாளர் மேற்கொண்டனர். பின்னர் நிலம், பாசனம், குத்தகை முதலியன பற்றிய பழைய ஆவணங்களுக்கும் இம்முறை விரிந்தது. அவர்கள் கையாண்ட நெறி போற்றற்குரியது. ஏட்டை வீட்டாரிடமிருந்து பறித்துச் செல்லவில்லை. வீட்டிலேயே படமெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே விட்டுச் சென்றனர்.

பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி தமிழ்நாட்டில் 1980இல் நீக்கப்பட்டது. நிலமும் வரியும் பற்றிய கணக்குகள் அரசிடம் சேர்ந்தன. ஊரார் தமக்குள் எழுதிக்கொண்ட ஏடுகளுக்கோ கேட்பாரில்லை. மணியக்காரர், நாட்டாண்மை, கோயில் தருமகர்த்தா ஆகியோரின் வீடுகளில் அவை தங்கிவிட்டன. பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டும் இக்காலத்தில், அவை குப்பையோடு குப்பையாகின்றன. அத்தீர்ப்புகள் யாவும் நேர்மையானவை என்று நாங்கள் கூறவில்லை. சாதிக்கு ஒரு நீதி சொன்னதும், பெண்ணின் குரலைக் கேளாது விட்டதும் அவற்றில் உண்டு. அவ்வநீதியை அறிந்து விலக்குவதற்கும் அவை இருக்கவேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய்

இவ்வளவும் கேட்டபின் உங்களுள் ஒருவர், 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?' என்று வினவலாம். அவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. ஆய்வாளர் வருகிறார், திண்ணையில் அமர்ந்து நாள் முழுதும் கேட்கிறார், நாம் வேலையை விட்டு விடை சொல்கிறோம், மோரும் கொடுக்கிறோம். அவர் எழுதும் நூல் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வெளிவருகிறது. அந்நூலில் நம் ஊர் இருக்கிறது. நம் ஊரில் அந்நூல் இல்லை. இக்குறை எந்நாட்டு ஆய்வாளருக்கும் எப்பல்கலைக்கழகத்தாருக்கும் பொதுவானது. நம் நாட்டு ஆய்வாளரும் இதற்கு விலக்கல்லர்.

இக்குறையைத் தீர்க்கும் உரிமை நம் கையில் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும் என்கிறது. ஊரிலுள்ள மரம், மூலிகை, கால்நடை, விதை, அவை பற்றிய மக்களறிவு ஆகியவற்றைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அக்குழுவின் பொறுப்பில் உள்ளது. அயல்நாட்டார் நம் உயிர்வளத்தையோ அது பற்றிய அறிவையோ ஆராய்ச்சிக்காகப் பெறவேண்டுமாயின், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இச்சட்டத்தை அறிந்த ஊராட்சி, வருபவரை மதிப்போடு வரவேற்கவும் கூடும். உரிய கேள்விகளைக் கேட்கவும் கூடும். சட்டம் தந்த பதிவேட்டை நாம் பெயரளவில் நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டால், பிறர் எழுதியதைப் பற்றிக் குறை கூற நமக்கு வாய் ஏது?

நாம் செய்யத்தக்கவை

ஆதலின் உங்கள் முன் சில பணிகளை வைக்கிறோம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

முதலாவது, ஊரில் பழைய ஏடும் காகிதமும் எவரெவரிடம் உள்ளன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். உரியவர் இசைவோடு அவற்றைக் கைப்பேசியிலேயே படமெடுத்து, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படியைப் பள்ளியிலும் வையுங்கள். மூலம் உரியவரிடமே இருக்கட்டும். காகிதத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்பு இட்டு, ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே துடைக்க முற்படாமல் பழகியவரிடம் காட்டுங்கள். கோயில் திருமேனிகளையும் அவ்வாறே படமெடுத்து நாள் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பள்ளியில் ஒரு மழைமானி நிறுவி, நாள்தோறும் காலையில் அளவை எழுதும் பொறுப்பை மாணவரிடம் ஒப்படையுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். இதனைச் சிறுவர் கணக்குப் பாடமாகவே கற்கட்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற நம் பழமொழி, ஆகாயத்திலிருந்து வருவதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, ஏரிக்கு ஒரு குறிப்பேடு. எந்நாள் நிரம்பியது, எந்நாள் கலங்கல் வழிந்தது, எந்நாள் மதகு திறந்தது, எந்நாள் வற்றியது, கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று எழுதி வாருங்கள். நீர்ப்பங்கீடு பற்றிய வழக்கத்தை நீர்பாய்ச்சும் முதியவர் வாயிலாகக் கேட்டு அதில் பதியுங்கள். ஆழ்துளைக் கிணறு பெருகிய ஊர்களில் ஏரியைப் பேணும் முறை தளர்ந்துவருகிறது. கிணறு இல்லாத சிறு உழவனே அதனால் முதலில் துன்புறுகிறான். அவன் உரிமைக்குக் குறிப்பேடே துணை.

நான்காவது, பல்லுயிர்ப் பதிவேட்டை மெய்யாக எழுதுங்கள். அலுவலகத்தில் அமர்ந்து எழுதினால் அது நிறையாது. ஆடு மேய்ப்பவரையும், இருளர் பெருமக்களையும், நாற்று நடும் பெண்களையும், நாட்டு வைத்தியரையும் கேளுங்கள். அவர்கள் வெளியிட விரும்பாத மருந்து முறையை வற்புறுத்திக் கேளாதீர்கள்.

ஐந்தாவது, ஆய்வாளர் எவர் வந்தாலும், எதற்காக வந்தீர், எவருக்காக எழுதுகிறீர், எங்கள் பெயரை மறைப்பீரா, முடிவைத் தமிழில் எங்களுக்கு எப்போது தருவீர் என்று கேளுங்கள். விடை சொல்ல விரும்பாத குடும்பத்தை எவரும் கட்டாயப்படுத்தலாகாது. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாள். அன்று ஏரிக் குறிப்பேட்டையும் மழைக் கணக்கையும் சபையில் உரக்கப் படியுங்கள். ஆய்வாளர் தந்த முடிவுகளையும் படித்து, சரியா தவறா என்று ஊராரே கூறட்டும்.

அன்பர்களே! 1955இல் வந்த அயல்நாட்டார், நம் ஓலையையும் மரத்தையும் மழையையும் வீட்டுக் கணக்கையும் ஆராயத் தக்கவை என்று மதித்தனர். ஓரிடத்துக்குச் செல்வது, உற்றுப் பார்ப்பது, அளப்பது, எழுதுவது, சில ஆண்டு கழித்து அதே இடத்துக்கு மீண்டும் செல்வது ஆகிய இவையே அவர்கள் கைக்கொண்ட முறை. நாமோ அவ்விடத்திலேயே வாழ்கிறோம். மீண்டும் செல்லவேண்டிய தேவையும் நமக்கில்லை. எழுதவேண்டியது மட்டுமே மீதம்.

நாங்கள் முதலில் சொன்ன ஊரில் வழக்கு முடிந்துவிட்டது. இரு ஊராரும் கூடிப் பேசி நாழிகைக் கணக்கைப் புதிதாக வகுத்துக்கொண்டார்கள். இம்முறை மூன்று படி எழுதினர். மேலூர்ப் பள்ளியில் ஒன்றும், கீழூர்ப் பள்ளியில் ஒன்றும், ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் உள்ளன. இந்த ஐப்பசிக்குமுன் உங்கள் ஊரிலும் அத்தகைய ஓர் ஏடு தொடங்கப்பெறும் என்ற நம்பிக்கையோடு இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.